சீலோவாம் கோபுரமும் அவலாஞ்சிச் சரிவும்

2019 செப்டம்பரில், மழை ஓய்ந்து சாலைகள் ஒருவாறு திறக்கப்பட்ட பிறகு, எமரால்டு பக்கத்தில் இருக்கும் என் சித்தியைப் பார்க்கச் சென்றிருந்தேன். அவருடைய சிறிய கிழங்குத் தோட்டம் மேல்சரிவிலிருந்து இறங்கிய சேற்றுக்கும் கல்லுக்கும் அடியில் போயிருந்தது. வீடு தப்பியது, உயிர்கள் தப்பின. ஆனால் சித்தியின் முகத்தில் தப்பித்தவரின் ஆறுதல் இல்லை. முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த பிரசங்கியார் ஒருவர், இந்த மழை தேவகோபம் என்றும், இந்த மலையில் பெருகிய பாவத்துக்குக் கிடைத்த நியாயத்தீர்ப்பு என்றும் இரண்டு மணி நேரம் முழங்கிவிட்டுப் போயிருந்தார். "தம்பி, நீ காலேஜ்ல பாடம் சொல்றவன். நெசத்தைச் சொல்லு. நான் அப்படி என்ன பாவம் செஞ்சேன்?" என்று சித்தி கேட்டார்.

அன்று நான் சரியான பதிலைச் சொல்லவில்லை. ஏதோ ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன். இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான், தாமதமாக.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறிவியல் வளர வளரக் கடவுளின் இடம் சுருங்குகிறது என்ற அச்சத்தில்தான் நம் திருச்சபைகள் இன்றும் பேசிக்கொண்டிருக்கின்றன. அந்த அச்சத்தால் ஒரு சாரார் அறிவியலைப் பகைக்கிறார்கள். இன்னொரு சாரார் அதையே வேதாகமத்துக்குச் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள். இரண்டு பேருமே நடந்ததைக் கவனிக்கவில்லை. அறிவியல் கடவுளின் கையிலிருந்து எடுத்த ஒவ்வொரு காரணத்தையும் மனிதனின் கையில் ஒரு கடமையாக வைத்துவிட்டுப் போயிருக்கிறது. கிறித்தவ அறவியல் அந்தக் கடமையை ஏற்றுக்கொள்கிறதா என்பது மட்டுமே இன்றைய கேள்வி. மற்ற சமயங்களில் இதெல்லாம் இல்லையா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்த வீட்டைப் பற்றிப் பேசுகிறேன்.

முதலில் மழைக்கு வருவோம். 2019 ஆகஸ்ட் 8-ஐ ஒட்டிய 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் பதிவான மழை 911 மில்லிமீட்டர். சென்னை நகரம் ஓர் ஆண்டு முழுவதும் பெறும் சராசரி மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த எண்ணின் கனம் விளங்கும். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமான நீர் ஒரே பகலிரவில் ஒரு மலைச்சரிவின் தலையில் கொட்டியிருக்கிறது.

பிரசங்கியார் உதகையின் விடுதிகளையும் குடிக்கூத்தையும் காரணமாகக் காட்டினார். அந்த ஊரின் பெயரைக்கூட அவர் யோசித்துப் பார்க்கவில்லை. அவலாஞ்சி என்பது நம் நாக்குக்குப் பழகிப்போன ஆங்கிலச் சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நிகழ்ந்த பெரும் சரிவின் வடுவைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் அது. உதகை ஒரு நகரமாக உருக்கொள்ளாத காலத்தில், விடுதி என்ற ஒன்று அங்கே எழும்பாத காலத்தில், அந்த மலை சரிந்திருக்கிறது. அது எவருடைய பாவத்துக்கு?

இந்தக் கேள்வி புதிதன்று. லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் இயேசுவே இதை எதிர்கொள்கிறார். சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டிருந்தார்கள். எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் பெரிய குற்றவாளிகள் என்று எண்ணுகிறீர்களா என்று அவர் கூட்டத்தைக் கேட்கிறார். அவரே இல்லை என்றும் சொல்லிவிடுகிறார். பிறவிக்குருடனைக் காட்டி இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்டபோதும், யோவான் நற்செய்தியில், இதே மறுப்புத்தான். பேரிடரில் சிக்கியவனின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் பழக்கத்தை அவர் இரண்டு இடங்களிலும் கண்டித்திருக்கிறார். அவர் பெயரால் கூட்டம் நடத்துகிறவர்கள் அந்தப் பழக்கத்தையே பிழைப்பாக்கிக்கொண்டார்கள்.

லூக்கா அதிகாரத்தில் அடுத்தபடியாக மனந்திரும்புதல் பற்றிய எச்சரிக்கை இருக்கிறதே என்று பிரசங்கியார் மடக்குவார். இருக்கிறது. அது யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்று பார்க்கவேண்டும். இறந்தவர்களைப் பற்றி ஒரு சொல்கூட அதில் இல்லை. கேட்டுக்கொண்டு நின்ற, உயிரோடிருந்த கூட்டத்தை நோக்கியே அது திரும்புகிறது. இறந்தவர் ஏன் இறந்தார் என்ற ஆராய்ச்சியை விட்டுவிடு, நீ இனி என்ன செய்யப்போகிறாய் என்பதே அங்கே கேள்வி. கோபுரம் ஏன் விழுந்தது என்று அன்றைக்கு எவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவலாஞ்சி ஏன் சரிகிறது என்று நமக்குத் தெரியும். ஆகவே அந்த எச்சரிக்கை நம்மேல் இன்னும் கடுமையாக விழுகிறது.

நமக்குத் தெரிந்தது என்ன? நீலகிரியின் சார்னோகைட்டுப் பாறைமீது, காலங்காலமாக மக்கிச் சிதைந்த மண் பல இடங்களில் மிகத் தடிமனாகப் படிந்திருக்கிறது. பெருமழையில் அந்த மண்ணுக்குள் நீர் நிரம்பி, மண்துகள்களைப் பிடித்துவைத்திருக்கும் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. நீர் வடிய வழி இருந்தால் சரிவு தாங்கும். சாலைக்காக அடிவாரத்தை வெட்டினால், ஓடையை மூடிக் கட்டடம் எழுப்பினால், செங்குத்துச் சரிவில் புல்லையும் சோலையையும் நீக்கிவிட்டு ஆண்டுதோறும் மண்ணைக் கிளறினால், தாங்கும் வலு குறையும். 1978 நவம்பரில் நீலகிரியில் பெரும் சரிவுகள் நிகழ்ந்த பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இவற்றையெல்லாம் ஆராய்ந்தது. எந்தச் சரிவு அபாயமானது என்று காட்டும் வரைபடங்கள் உருவாயின. அதன் பிறகு 1993-இல் குன்னூர் மலைப்பாதையில் மரப்பாலம் சரிந்தது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பகுதிகளில் 40-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இத்தனை தெரிந்த பிறகும் ஒரு சாவை 'தேவசித்தம்' என்று சொல்லிப் புதைப்பது பக்தியாகாது. வரைபடத்தைப் பார்க்க மறுத்தவனுக்கும் ஓடையை மூடியவனுக்கும் வழங்கப்படும் பாவமன்னிப்பு அது.

இந்தப் பிரசங்கியாரை ஒரு வெறிநாய் கடித்தால் என்ன செய்வார்? குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இருக்கிறது. நாய்க்கடிக்கு மருந்தில்லாத காலத்தில் அதைச் சாபம் என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். இன்று அவர் நேராக ஊசி போட்டுக்கொள்ளத்தான் போவார், சந்தேகமே இல்லை. தன் உடம்பின் விஷயத்தில் நுண்ணுயிரியலை ஏற்றுக்கொள்கிறவர் என் சித்தியின் தோட்டத்தின் விஷயத்தில் மட்டும் புவியியலை ஏற்க மறுப்பது ஏன்? அடுத்தவர் துன்பத்துக்குத் தேவகோபம் என்ற விளக்கம் மலிவாகக் கிடைக்கிறது என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

இங்கே மறுபக்கத்து நண்பர்களிடமும் ஒன்று சொல்லவேண்டும். 'இயற்கையின் சீற்றம்', 'பூமித்தாய் பழிவாங்கிவிட்டாள்' என்றெல்லாம் சூழலியல் மேடைகளில் பேசப்படுவதைக் கேட்கிறேன். கோபக்காரக் கடவுளை இறக்கிவிட்டு அந்த ஆசனத்தில் கோபக்கார இயற்கையை உட்காரவைக்கும் வேலை இது. 911 மில்லிமீட்டர் மழைக்கு, மனிதக் கை படாத காடும் சில இடங்களில் சரியத்தான் செய்யும். எது மழையால் நேர்ந்தது, எது நம்மால் நேர்ந்தது என்று பிரித்துச் சொல்வதே அறிவியலின் நேர்மை. அந்தப் பிரிப்பு இல்லாவிட்டால் பொறுப்பு என்ற சொல்லுக்கே பொருள் இருக்காது.

இனி இரண்டாம் சாரார். இவர்கள் அறிவியலைப் பகைப்பதில்லை, அணைத்துக்கொள்வார்கள். பேருந்து நிலையத்தில் இவர்களுடைய துண்டுப்பிரதி கிடைக்காத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. பூமி அந்தரத்தில் தொங்குவதை யோபு அன்றே சொல்லிவிட்டார் என்பார்கள். யோசுவாவின் நாளில் சூரியன் நின்றதை நாசாவின் கணிப்பொறி கண்டுபிடித்துவிட்டது என்பார்கள். பின்னது 1960-களின் அமெரிக்காவில் பரவிய கட்டுக்கதை, நாசாவே மறுத்த ஒன்று. ஆனாலும் நம் ஊரில் அச்சேறிக்கொண்டே இருக்கிறது.

உதகையிலிருந்து அவலாஞ்சிக்குப் போகும் வழியில் முத்தோரை இருக்கிறது. அங்கே மலைச்சரிவில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட வானொலித் தொலைநோக்கி படுத்திருப்பதைப் பயணிகள் பார்த்திருப்பார்கள். கோவிந்த் ஸ்வரூப்பின் தலைமையில் 1970-இல் நிறைவேறியது. அந்த இடத்தின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. அதே அளவு சாய்ந்த இயற்கையான சரிவு ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து அமைத்ததால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. தொலைதூர வானொலி மூலங்களை நிலவு கடந்து மறைக்கும் கணத்தை அளந்து அவற்றின் கோண அளவை அங்கே கணித்தார்கள். 1975-இல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் வெளியிட்ட முடிவுகள், பிரபஞ்சம் என்றும் மாறாமல் இருக்கிறது என்ற கொள்கைக்கு எதிராகவும், அது காலத்தில் மாறிவந்தது என்ற பெருவெடிப்புக் கொள்கைக்கு ஆதரவாகவும் அமைந்தன. மாறாப் பிரபஞ்சக் கொள்கையை முன்வைத்தவர்களில் ஒருவர் ஃப்ரெட் ஹாயில். அதை அவரோடு சேர்ந்து வளர்த்தவர் நம் ஜயந்த் நார்லீகர்.

துண்டுப்பிரதிக்காரருக்கு இது தெரிந்திருந்தால், 'ஊட்டியில் ஆதியாகமம் நிரூபணம்' என்று நாளைக்கே அச்சடிப்பார். அவருக்கு முன்பே அந்தத் தவற்றைச் செய்தவர் ஒரு போப். 1951 நவம்பரில் பன்னிரண்டாம் பத்திநாதர், பெருவெடிப்புக் கொள்கை படைப்பை உறுதிப்படுத்துவதாக உரையாற்றினார். அதை விரும்பாதவர் யார் தெரியுமா? அந்தக் கொள்கையை 1927-இலும் 1931-இலும் உருவாக்கிய ஜார்ஜ் லெமைத்ர். அவர் பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குரு. தன் கணிதம் கடவுளுக்கு ஆதரவாகவோ எதிராகவோ சாட்சி சொல்லாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அடுத்த ஆண்டு வானியலாளர்களிடம் பேசிய போப் அந்தக் கூற்றைத் திரும்பச் சொல்லவில்லை.

இது முக்கியமான பாடம். அறிவியலிடம் சான்றிதழ் வாங்கும் விசுவாசம், அறிவியல் தன்னைத் திருத்திக்கொள்ளும் நாளில் அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டியிருக்கும். வானத்தையும் பூமியையும் பற்றி அறியாமல் உளறும் கிறித்தவன் தன் வேதத்தையே நகைப்புக்கிடமாக்குகிறான் என்று அகுஸ்தீனார் எச்சரித்து ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் ஆகின்றன. நம் துண்டுப்பிரதிகளுக்கு அந்தச் செய்தி வந்துசேரவில்லை.

அறிவியலுக்கு அஞ்சாத கிறித்தவம் இந்த மலைக்குப் புதியதுமன்று. 1603-இல் மலையேறிய இயேசு சபைக் குரு ஃபெனிசியோ, இங்கே பழங்கிறித்தவர்கள் மறைந்து வாழ்கிறார்கள் என்ற வதந்தியைச் சோதிக்க வந்தார். தொதவர்களைக் கண்டு பேசினார். அவர்கள் கிறித்தவர்கள் இல்லை என்று உள்ளபடியே எழுதினார். எதைக் காண விரும்பினாரோ அதைக் கண்டதாக எழுதவில்லை. 1830-களில் உதகையில் இருந்த ஜெர்மானிய மிஷனரி பெர்னார்ட் ஷ்மிட் நீலகிரித் தாவரங்களைச் சேகரித்து அனுப்ப, யேனா நகரில் ஸெங்கர் அவற்றை விவரித்து நூலாக்கினார். இவர்களுடைய எல்லா எண்ணங்களும் நமக்கு உவப்பானவை அல்ல. ஆனால் கண்ணெதிரில் இருப்பதை உற்றுப் பார்ப்பது விசுவாசத்துக்கு இழுக்கு என்று அவர்கள் கருதவில்லை.

உற்றுப் பார்த்தால் நம்பிக்கை மாறாதா? மாறும், மாறவேண்டும். அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650-இல் வெளியிட்ட கணக்குப்படி உலகம் படைக்கப்பட்டது கி.மு. 4004-இல். உதகைக்கு அருகே சாண்டிநல்லாவின் சதுப்புக்கரி மண் அதைவிடப் பல மடங்கு பழையது. 1993-இல் 'நேச்சர்' இதழில் சுகுமாரும் உடனாய்வாளர்களும் நீலகிரிச் சதுப்புக்கரியின் கார்பன் ஓரகத்தனிமங்களை அளந்து, 20,000 ஆண்டுகளாகப் புல்வெளியும் காடும் தட்பவெப்பத்துக்கேற்ப மாறிமாறி விரிந்து சுருங்கியதை எழுதினார்கள். இதனால் அஷரின் கணக்கு வீழ்ந்தது என்பதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. நீலகிரியின் புல்வெளி, மரம் அழிந்ததால் மிஞ்சிய பாழ்நிலம் என்று ஆண்டவர்கள் எண்ணினார்கள். அதில் சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் நட்டு நிரப்பினார்கள். விடுதலைக்குப் பிறகும் அது தொடர்ந்தது. சதுப்புக்கரி சொல்வதோ அந்தப் புல்வெளி இங்கே ஆதிக்குடி என்று.

பூமியைக் கீழ்ப்படுத்து என்று ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைப் படித்தவர்கள், அதற்கு அடுத்த அதிகாரத்தில் தோட்டம் மனிதனிடம் பண்படுத்தவும் காக்கவும் ஒப்படைக்கப்பட்டதை மறந்தார்கள். 1967-இல் லின் வைட் என்ற வரலாற்றாசிரியர், சூழல் நெருக்கடியின் வேர் மேலைக் கிறித்தவத்தின் மனப்பாங்கில் இருக்கிறது என்று 'சயன்ஸ்' இதழில் குற்றஞ்சாட்டினார். அந்தக் குற்றச்சாட்டு இறையியலாளர்களை வேதத்தை மறுபடி வாசிக்கவைத்தது. 2015-இல் போப் பிரான்சிஸ் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடல் பருவநிலை அறிவியலை வெளிப்படையாக ஏற்று, ஆதிக்கம் என்ற வாசிப்பைத் தவறென்று ஒதுக்கியது. அறிவியல் விசுவாசத்தை அழித்ததா? அதன் கண்ணில் விழுந்திருந்த பூவை எடுத்தது என்பேன்.

ஆனால் சுற்றுமடல் வேறு, பிரசங்கபீடம் வேறு. மலைக்கு மறுபுறம் கேரளத்தில் நடந்ததைப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை பற்றிய மாதவ் காட்கில் குழுவின் அறிக்கை 2011-இல் அரசிடம் தரப்பட்டது. அதற்கும் அடுத்து வந்த கஸ்தூரிரங்கன் அறிக்கைக்கும் எதிராக 2013-இல் மலைப்பகுதிகளில் கிளம்பிய போராட்டத்தில் இடுக்கி, தாமரச்சேரி மறைமாவட்டங்கள் முன்நின்றன. 2014 மக்களவைத் தேர்தலில் இடுக்கியில் முடிவையே அது புரட்டிப்போட்டது. குடியேற்ற விவசாயிகளின் அச்சம் பொய்யன்று. நிலம் பறிபோகும் என்று நடுங்கியவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அந்த அறிக்கையைக் கிராமசபைகளில் வைத்து விவாதிக்கவேண்டும் என்றுதான் காட்கிலும் கேட்டார். மக்களுக்கு அதை விளக்கவும், தவறிருந்தால் திருத்தக் கேட்கவும் திருச்சபையைவிடப் பரந்த அமைப்பு அந்த மலைகளில் எதுவும் இல்லை. அது அச்சத்தை அகற்றுவதற்குப் பதிலாக ஊதிப் பெருக்கியது.

2019 ஆகஸ்ட் 8. அவலாஞ்சியில் மழை கொட்டிய அதே நாளில் மலைக்கு அந்தப் பக்கம் நிலம்பூர் அருகே கவளப்பாறையும் வயநாட்டில் புத்துமலையும் சரிந்தன. கவளப்பாறையில் மட்டும் 59 பேர் இறந்தார்கள். 2024 ஜூலை 30 அதிகாலையில், புத்துமலைக்கு அருகிலேயே, முண்டக்கையும் சூரல்மலையும் நூற்றுக்கணக்கானவர்களோடு அழிந்தன. அந்த அறிக்கையை ஏற்றிருந்தால் இவையெல்லாம் நிகழ்ந்திருக்காது என்று நான் சொல்லமாட்டேன், அது அறிவியலும் ஆகாது. எச்சரிக்கை கைக்கு வந்தபோது அதை வாசிக்க மறுத்தோம் என்பதை மட்டும் சொல்கிறேன். சீலோவாமின் கேள்வி இங்கே நம்மை நோக்கித் திரும்புகிறது.

பகுத்தறிவாள நண்பர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, காரணம் புவியியலிடம் போய்விட்டது, கடமை மனிதனிடம் வந்துவிட்டது, இடையில் உங்கள் கடவுளுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கடவுள் இல்லாமல் அறம் இல்லை என்று நான் வாதிடமாட்டேன். கடவுளை நம்பாமல் அறத்தோடு வாழ்பவர்களை அறிவேன். சரிவு எப்படி நிகழ்கிறது என்று புவியியல் சொல்லும். தன் விடுதியின் ஓர் அடுக்கைக் குறைத்துக்கொள்ளும்படி, தன் விளைச்சலில் ஒரு பங்கை இழக்கும்படி ஒரு மனிதனை இணங்கவைப்பது அதன் வேலையன்று. எங்கள் மரபில் அதற்கு மனந்திரும்புதல் என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. அதைத் தனிமனிதனின் குடிக்கும் காமத்துக்கும் மட்டும் ஒதுக்கிவிட்டோம். ஓடைக்கும் சரிவுக்கும் அது பொருந்தும் என்று கண்டுகொள்ள அறிவியல் தேவைப்பட்டது. கடன் அந்தப் பக்கம்தான், எங்களிடம்.

ஆகவே நான் கேட்பது சிறியது. நீலகிரியில் கூட்டம் நடத்தும் திருச்சபைகள், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாக, ஆண்டுக்கு ஒரு ஞாயிறு, பிரசங்கபீடத்தை ஒரு மணி நேரம் புவியியல் தெரிந்தவரிடம் கொடுக்கட்டும். அபாயச் சரிவுகளின் வரைபடம் ஆலயச் சுவரில் தொங்கட்டும். திருச்சபைகளுக்குச் சொந்தமான நிலங்களிலும் பள்ளி வளாகங்களிலும் ஓடைகள் திறந்திருக்கின்றனவா என்று முதலில் அவர்களே பார்க்கட்டும். அதன் பிறகு பாவத்தைப் பற்றிப் பேசட்டும், கேட்கிறேன்.

சித்தி இப்போது மறுபடி கிழங்கு போட்டிருக்கிறார். அடுத்தமுறை போகும்போது, நீங்கள் ஒரு பாவமும் செய்யவில்லை, மேலே தண்ணீர் எப்படி வடிகிறது என்று சேர்ந்து போய்ப் பார்ப்போம், வாருங்கள் என்று சொல்வதாக இருக்கிறேன்.